செல்லப் பிள்ளைக்கு ஒரு வாரம் டிரெயினிங்!

உங்கள் ஆபீஸில் புதுசாக ஒரு பையன் வேலைக்குச் சேருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலேஜ் முடித்து நேராக வந்தவன். அம்மா பூசிவிட்ட பவுடர் இன்னும் முகத்தில் கலையவில்லை. முதல் நாள் காலை பத்து மணிக்கே மார்ச் மாதக் கணக்கு ஃபைல்களை அவன் மேஜையில் அடுக்கி, ‘சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுப்பா’ என்று மேனேஜர் சொன்னால் என்ன ஆகும்? மூன்று மணிக்கு டீ குடிக்கப் போனவன் திரும்பி வரமாட்டான்.

முட்டைக்கோஸ் நாற்றும் அப்படித்தான் சார். என்ன, அது ராஜினாமா கடிதம் எழுதாது. தலையைத் தொங்கப் போட்டுவிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நர்சரியில் அதற்கு ராஜ வாழ்க்கை. தலைக்கு மேலே பச்சை நிழல்வலை. காலுக்குக் கீழே மெத்தை மாதிரி தென்னை நார்க் கழிவு. காலையும் மாலையும் பூவாளியில் குளியல். காற்று உள்ளே வருவதென்றால் அனுமதி கேட்டுத்தான் வரும். இப்படி இருபத்தைந்து நாள் இருந்ததை, இருபத்தாறாவது நாள் டெம்போவில் ஏற்றி, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வயலில் நட்டு, ‘பிழைச்சுக்கோ’ என்று சொன்னால் எப்படிப் பிழைக்கும்?

நடுவில் ஒரு வாரம் பழக்க வேண்டும். விவசாயப் புத்தகத்தில் இதற்குப் பெயர் ‘கடினப்படுத்துதல்’. (ஏதோ கான்க்ரீட் வேலை என்று பயந்துவிடாதீர்கள்!) நர்சரிக்காரர்கள் ‘ஹார்டனிங்’ என்பார்கள். கோத்தகிரிப் பக்கம் முட்டைக்கோஸ் போட்ட எங்கள் பெரியப்பா, ‘வெளியே பழக்கறது’ என்று சிம்பிளாகச் சொல்லுவார். ஸ்கூல் லீவுக்கு அங்கே போனால் எனக்குக் கிடைக்கும் உத்தியோகம் அதுதான். சாயங்காலம் நாற்றுப் பாத்தி மேல் சாக்கு போட வேண்டும். காலையில் எடுக்க வேண்டும். சம்பளம், இரண்டு வர்க்கி.

கடுகு வீட்டு சொந்தக்காரர்கள்

முதலில் இந்தச் செல்லப் பிள்ளையின் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல், பிராக்கோலி... நாலும் காய்கறிக் கடையில் நாலு விலை. ஆனால் தாவர சாஸ்திரப்படி நாலும் ஒரே இனம்! கடலோரத்தில் முளைத்துக் கிடந்த ஒரு காட்டுச் செடியை எடுத்து, இலை பெருத்ததைத் தனியாகப் பிரித்து வளர்த்தார்கள், முட்டைக்கோஸ் வந்தது. மொட்டு பெருத்ததைப் பிரித்தார்கள், காலிஃபிளவர் வந்தது. தண்டு பெருத்ததைப் பிரித்தார்கள், நூக்கல் வந்தது. ஒரே வீட்டில் ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் வக்கீல், ஒருத்தர் சினிமாவில் சான்ஸ் தேடுகிற மாதிரி.

நாம் தாளிக்கிற கடுகும் முள்ளங்கியும் இவர்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். பூவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நாலு இதழ், சிலுவை மாதிரி விரிந்திருக்கும். குடும்ப ஜாடை எங்கே போகும்?

இவர்கள் நம் பக்கம் வந்தது வெள்ளைக்காரர்கள் புண்ணியத்தில். 1819-ல் நீலகிரி மேலே ஏறிய கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், ஊட்டியில் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் போட்டுப் பார்த்தார். 1840-களில் அங்கே இருந்த ஐரோப்பியர்கள், காய்கறி கிடைத்தால் போதும் என்று சந்தா போட்டு ஒரு தோட்டம் ஆரம்பித்தார்கள். 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் வந்து சேர்ந்தார். இன்றைக்கு நாம் டிக்கெட் எடுத்துப் போய் போட்டோ எடுத்துக்கொள்கிறோமே, ஊட்டி தாவரவியல் பூங்கா, அதன் பூர்வீகம் இதுதான். ரோஜாவுக்கு முன்னால் அங்கே கோஸ்!

ஆகவே இது குளிர்தேசத்துப் பிள்ளை. நம் சமவெளி வெயிலைத் தாங்குகிற ரகங்கள் இப்போது வந்துவிட்டன என்றாலும், குழந்தைப் பருவத்தில் கொஞ்சம் நாசூக்குதான்.

தாளவாடியில் 14,500 தலை

இதெல்லாம் பொது அறிவு. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இருப்பது கோயமுத்தூரில், ஒரு மொட்டை மாடி ரூமில். கூட இருக்கும் நண்பனுக்கு ஊர் தாளவாடி. சத்தியமங்கலம் தாண்டி, திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வருகிற ஊர். அங்கே அவனுடைய அப்பா அரை ஏக்கரில் முட்டைக்கோஸ் போடுகிறவர்.

2023 ஆடி மாசக் கடைசியில் ஒரு நாள் ராத்திரி நண்பனுக்கு போன் வந்தது. பேசிவிட்டு வந்தவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். விஷயம் இதுதான். அப்பா ஒரு நர்சரியில் நாற்று வாங்கியிருக்கிறார். அருமையான நாற்று, பச்சைப் பசேல் என்று ஒரு சாண் உயரம். திறந்த டெம்போவில் காற்றடிக்க மலை ஏறி வந்திருக்கிறது. ஆள் கிடைத்தது பதினோரு மணிக்கு. சுள்ளென்று வெயிலிலேயே நடவு. மூன்றாம் நாள் பார்த்தால் பாதிக்குமேல் படுத்துவிட்டது. மிச்சம் இருந்ததில் இலையெல்லாம் காகிதம் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

கணக்குப் பார்ப்போம். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. அரை ஏக்கர் என்பது 21,780 சதுர அடி. ஒன்றரையால் வகுத்தால் சுமார் 14,500 நாற்று. நாற்று ஒரு ரூபாய் என்று வைத்தாலும் 14,500 ரூபாய். உழவு, எரு, நடவு கூலி எல்லாம் தனி. அத்தனையும் வட்டிக்கு வாங்கிய பணம்.

‘மாப்ளே, பைக்குக்கு முன்பணம் கட்ட வெச்சிருந்தேனே, அதை அப்பாவுக்கு அனுப்பிடறேன்டா’ என்றான் மறுநாள் காலை. ‘ஆனா ரெண்டாவது தடவையும் படுத்துட்டா, அப்புறம் அவர் கோஸே போடமாட்டார். மாட்டை வித்துட்டு கோயமுத்தூருக்கே வந்துடறேங்கறார். வாட்ச்மேன் வேலைக்கு.’

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே அப்பாவிடம் போனில் பேசினேன். ‘ஐயா, அடுத்த நாத்தை நட வேண்டிய நாளுக்கு எட்டு நாள் முன்னாலேயே வீட்டுக்குக் கொண்டு வந்திடுங்க. எட்டு நாளும் என்ன செய்யணும்னு நான் சொல்றேன்’ என்றேன்.

‘எட்டு நாளா? எனக்கு விருந்தாளியவே ரெண்டு நாளுக்கு மேல வெச்சுப் பழக்கமில்லீங்களே தம்பி!’ என்றார்.

அழகைப் பார்த்து ஏமாறாதீங்க!

நாற்று ஏன் படுக்கிறது? ரகசியம் இலையில் இருக்கிறது.

முட்டைக்கோஸ் இலையைக் கட்டை விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் பூத்த மாதிரி இருப்பது அழிந்து, அடியில் பளிச்சென்று பச்சை தெரியும். அந்தச் சாம்பல், செடி தானே பூசிக்கொள்கிற மெழுகு. தண்ணீர் விட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடுவது அதனால்தான். (மருந்து அடிக்கிறவர்கள் கூடவே ஒட்டும் திரவம் கலப்பதும் இதனால்தான். இல்லாவிட்டால் மருந்து எல்லாம் மண்ணுக்குத்தான்.) உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் காப்பாற்றுகிற ரெயின்கோட் அது.

நிழலில், ஈரக் காற்றில் வளர்ந்த நாற்றுக்கு இந்தக் கோட்டு ரொம்ப மெல்லிசு. வெளியே வெயிலே இல்லையே, அது ஏன் கஷ்டப்பட்டுத் தைக்கப்போகிறது? இலையில் காற்று போய்வரச் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. வெயில் ஏறினால் அவற்றைச் சட்டென்று சாத்திக்கொள்ளும் பழக்கமும் அதற்குச் சரியாக வந்திருக்காது. இப்படிப்பட்டதை வெயிலில் வைத்தால் இலை வழியாகத் தண்ணீர் மடமடவென்று போகிறது. வேரோ, அப்போதுதான் இடம் மாறி வந்து, புது மண்ணில் முகவரி விசாரித்துக்கொண்டிருக்கிறது. வரவு எட்டணா, செலவு பத்தணா. மாசக் கடைசியில் நமக்கு ஆவதுதான் அதற்கு மூன்றாம் நாள் ஆகிறது.

கொஞ்சம் கொஞ்சமாக வெயில், காற்று, தாகம் மூன்றையும் காட்டினால் செடி சுதாரித்துக்கொள்கிறது. மேலே வளர்வதைக் குறைத்துக்கொண்டு வேருக்கு அனுப்புகிறது. மெழுகுப் பூச்சு தடிக்கிறது. இலைக்குள் சர்க்கரைச் சத்து சேருகிறது. தண்டு விறைப்பாகிறது. இலை நீலம் பாய்ந்த கரும்பச்சையாக மாறும். சிலதில் தண்டும் இலைக் காம்பும் லேசாக ஊதா நிறம் காட்டும். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்காது. குட்டையாக, முரட்டுத்தனமாக இருக்கும்.

இங்கேதான் சிக்கல். கோயமுத்தூரில் ஒரு நர்சரி அண்ணனிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ‘ஏனுங், நாங்க மட்டும் பழக்கித் தரமாட்டோம்னா சொல்றோம்? வெயில்ல வெச்ச தட்டையும் வலைக்குள்ள வெச்ச தட்டையும் பக்கத்துல வெச்சா, வர்றவங்க அத்தனை பேரும் வலைக்குள்ள இருந்ததைத்தான் கை காட்டறாங்க. பழக்கின நாத்தைப் பார்த்துட்டு, இதுக்கென்ன சீக்கான்னு கேக்கறாங்க!’ என்றார்.

நாற்று வாங்கப் போகிறவர்கள் மனசில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. கடையில் எது ரொம்பப் பச்சையாக, ரொம்ப உயரமாக, தளதளவென்று நிற்கிறதோ, அதுதான் வயலில் முதலில் விழும். குட்டையாக, விறைப்பாக, தொட்டால் மொறமொறப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பழக்காததைத்தான் தருவேன் என்றால் பரவாயில்லை, ஒரு வாரம் முன்னால் வாங்கி நீங்களே பழக்குங்கள்.

எட்டு நாள் டைம்டேபிள்

அந்த வருஷம் ஆவணியில் நாங்களும் மாடியில் ஒரு குழித்தட்டில் விதை போட்டிருந்தோம். 98 குழி உள்ள தட்டு. வீட்டு ஓனரம்மா வடகம் காயப்போடுகிற இடத்தில் இருபது பை வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தார். அனுமதி கண்டிஷனோடு. ‘மார்கழிக்குள்ள ஒரு கோஸாவது கண்ணுல காட்டோணும். இல்லைன்னா அத்தனை பையையும் இறக்கிப்போடுவேன் கண்ணு.’

ஆக, தாளவாடியில் 150 தட்டு, கோயமுத்தூரில் ஒரு தட்டு. இரண்டுக்கும் ஒரே புரட்டாசி, ஒரே டைம்டேபிள். தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு அப்பா போன் செய்வார். ‘உங்க பசங்க இன்னிக்கு எத்தனை மணி நேரம் வெயில்ல நின்னாங்க?’

முதல் நாள்: காலை வெயில் ஒரு மணி நேரம். ஏழிலிருந்து எட்டு. அப்புறம் நிழல்.

இரண்டாம் நாள்: இரண்டு மணி நேரம். இன்றிலிருந்து தழைச்சத்து உரம் எதுவும் கிடையாது. யூரியா, பஞ்சகவ்யம் எல்லாவற்றுக்கும் லீவு. சத்தான சாப்பாடு போட்டால் அது மேலே மேலே வளரத்தான் பார்க்கும். தடிக்காது.

மூன்றாம் நாள்: காலை பத்து மணி வரை. இன்றைக்குக் காற்றும் பழகட்டும். கோயமுத்தூரில் இதற்குத் தனியாக மெனக்கெட வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, கதவைத் தட்டாமலே மாடிக்கு வந்துவிடும்.

நான்காம் நாள்: காலை பதினோரு மணி வரை. திரும்பவும் நாலிலிருந்து ஆறு வரை. தண்ணீரைக் குறைக்க வேண்டும். இரண்டு வேளை என்பதைக் காலை ஒரு வேளை ஆக்குங்கள். மேலே நார்க் கழிவு உலர்ந்து வெளுத்த பிறகு அடுத்த தண்ணீர்.

ஐந்தாம் நாள்: மத்தியானம் பன்னிரண்டு வரை. சாயங்காலமும் உண்டு.

ஆறாம் நாள்: முழு நாள் வெயில். ஆனால் இரண்டு தடவையாவது எட்டிப் பார்க்க வேண்டும். குழித்தட்டுக் குழி சின்னது. ஒரு ஸ்பூன் இரண்டு ஸ்பூன் நார்தான் இருக்கும். சீக்கிரம் காய்ந்துவிடும். இலை துவண்டால் உடனே கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். தாகம் காட்டுவது பயிற்சி. மயங்கி விழ விடுவது பயிற்சி இல்லை.

ஏழாம் நாள்: பகலும் ராத்திரியும் வெளியிலேயே. அடைமழை வந்தால் மட்டும் உள்ளே எடுங்கள்.

எட்டாம் நாள் சாயங்காலம்: நடவு.

இது வெயில் காய்கிற சமவெளிக்கு. மேகமூட்டம் என்றால் ஒரு நாள் குறையலாம். அனல் என்றால் இரண்டு நாள் கூடலாம். தேதியைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள்.

ஒரு தட்டைத் தூக்கி உள்ளே வெளியே வைப்பது எங்களுக்கு ஆபீஸ் போவதற்கு முன்னால் ஐந்து நிமிஷ வேலை. மத்தியானம் இழுத்து வைக்க ஓனரம்மா. (‘எனக்கு இதுவும் ஒரு வேலையா?’ என்று கேட்டுக்கொண்டே ஒரு நாளும் தவறாமல் செய்தார்.) ஆனால் 150 தட்டை யார் தூக்குவது? இரண்டாம் நாளே அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

‘தம்பி, தட்டைத் தூக்கறதுக்குப் பதிலா நிழலைத் தூக்கிட்டா என்ன?’ என்று அன்று ராத்திரி கேட்டார்.

பிரமாதமான யோசனை! தட்டுகளை செங்கல் மேல் வரிசையாக வைத்துவிட்டார். தரையில் வைத்தால் வேர் அடி ஓட்டை வழியாக மண்ணுக்குள் போய்விடும், பிடுங்கும்போது அறுபடும். அதற்காகச் செங்கல். மேலே மூங்கில் பந்தல். பந்தலுக்கு வீட்டம்மாவின் பழைய நூல் புடவைகள். முதல் இரண்டு நாள் இரட்டை மடிப்பு. அடுத்த இரண்டு நாள் ஒற்றை. அப்புறம் உச்சிப் பொழுதுக்கு மட்டும். கடைசி இரண்டு நாள் புடவையே இல்லை. காலையில் சுருட்டி, மத்தியானம் விரித்து, சாயங்காலம் சுருட்டி... மொத்த வேலையும் பத்து நிமிஷம். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத முறை. இன்றைக்கு அந்த ஊரில் நாலைந்து பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

தனிக்குடித்தனம் வைக்கும் நாள்

நடவுக்கு நல்ல நேரம் பஞ்சாங்கத்தில் இல்லை. வானத்தில் இருக்கிறது. வெயில் தாழ்ந்த சாயங்காலம், அல்லது மப்பும் மந்தாரமுமான நாள். ராத்திரி முழுக்க செடிக்கு ஓய்வு கிடைக்கும்.

நடுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் தட்டுக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பயிற்சி முடிந்தது, இனி வயிறாரக் குடிக்கட்டும். அடியில் விரலால் அழுத்தித் தூக்கினால் வேரும் நாரும் சேர்ந்து குட்டிக் கூம்பு மாதிரி அலுங்காமல் வரும். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் வந்த விதையிலை மண்ணைத் தொடுகிற ஆழத்தில் நடுங்கள். வேரைச் சுற்றி லேசாக அழுத்துங்கள். உடனே தண்ணீர். மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர்.

வயதும் முக்கியம். விதைத்து 25 முதல் 30 நாள், நாலைந்து இலை. அதுதான் பருவம். பழக்குகிற எட்டு நாளும் இந்தக் கணக்குக்குள் வர வேண்டும்.

இன்னொன்று. வலையை விட்டு வெளியே வந்தால் வெயில் மட்டுமா வரும்? வைரமுதுகு அந்துப்பூச்சியும் வரும். சின்னப் பூச்சி, முதுகில் வைரம் பதித்த மாதிரி கோலம். அதன் புழு இலையைச் சல்லடை ஆக்கிவிடும். நாற்றுகளின் அடி இலையை தினமும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வயலில் கோஸ் வரிசைகளுக்கு நடுவே கடுகு விதைப்பதும் நல்லது. இந்தப் பூச்சிக்குக் கோஸைவிடக் கடுகு என்றால் கொள்ளை ஆசை, முட்டையிட அங்கே போய்விடும். இதற்குப் பொறிப்பயிர் என்று பெயர். ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொன்னேனே, ஆபத்துக்கு உதவுகிறது பாருங்கள்!

ரொம்பக் கண்டிச்சாலும் ஆபத்து

‘ஓஹோ, வெயிலில் நிறுத்தினால் உருப்படுமா? அப்போ பதினைந்து நாள் நிறுத்துகிறேன்’ என்று கிளம்பிவிடாதீர்கள். சில அப்பாக்கள் பையனைத் திருத்துகிறேன் என்று பெல்ட்டைக் கழற்றுவார்களே, அந்தக் கதை ஆகிவிடும்.

இதில் முட்டைக்கோஸ் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். காலிஃபிளவர் பொறுக்காது. நாற்றுப் பருவத்தில் அதைப் பட்டினி போட்டு, தாகத்தில் வாட்டி, நாள் கடத்தி நட்டால், ‘நமக்கு ஆயுசு அவ்வளவுதான் போல’ என்று பயந்து, இலை பெருக்கும் முன்பே பூ வைத்துவிடும். சட்டைப் பட்டன் மாதிரி சின்னதாக ஒரு பூ. அப்புறம் எத்தனை மூட்டை உரம் போட்டாலும் அது பெரிதாகாது. சின்ன வயசில் ஒடுக்கப்பட்டது ஒடுங்கியதுதான். அதனால் காலிஃபிளவருக்கு நாலைந்து நாள் போதும், தாகமும் கொஞ்சம்தான்.

குளிர் பிரதேசங்களில் பாடமே வேறு. அங்கே வெயில் இல்லை, பனிதான் வாத்தியார். மேலைநாடுகளில் கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் நாற்றை வைத்து, பகலில் மூடியைத் தினம் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைப்பார்கள். பழகிய முட்டைக்கோஸ் நாற்று லேசான உறைபனியைக்கூடத் தாங்கிவிடும். எங்கள் பெரியப்பாவின் சாக்கும் அந்தக் கண்ணாடி மூடியும் ஒரே ஜாதிதான். ஆனால் அங்கேயும் அளவு உண்டு. தண்டு பென்சில் அளவு தடித்த பிறகு, 10 டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் குளிர் பட்டால், முட்டைக்கோஸ் ‘ஒரு குளிர்காலம் முடிந்தது’ என்று நினைத்துக்கொள்ளும். தலை கட்டுவதற்குப் பதிலாக நீளமாகத் தண்டு விட்டுப் பூத்துவிடும். வீட்டுக்குப் பூவும் ஆகாது, கூட்டும் ஆகாது.

அப்பா இதைக் கேட்டுவிட்டு, ‘அப்ப, அடிக்கவும் கூடாது, கொஞ்சவும் கூடாதுங்கறீங்க’ என்றார். அதேதான்!

கணக்கு என்ன ஆச்சு?

புரட்டாசியில் இரண்டாவது நடவு முடிந்து நாலாம் நாள் நண்பன் ஊருக்குப் போனான். ராத்திரி போன் வரவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு போட்டோ அனுப்பினான். வரிசை வரிசையாக, விறைப்பாக, நீலம் பாய்ந்த பச்சையில், என்.சி.சி. பரேடு மாதிரி நாற்று. வரிசைக்கு இரண்டு மூன்று பொக்கைதான். அதை அடைக்க அப்பா நாலு தட்டு மிச்சம் வைத்திருந்தார்.

கார்த்திகைக் கடைசியில் அறுவடை. விலை ஓஹோ என்றில்லை, அடிமட்டமும் இல்லை. நல்ல கோஸை விளைவிக்கலாம், நல்ல விலையை யாரால் விளைவிக்க முடியும்? வட்டிக்கடன் இரண்டும் அடைந்தது. நண்பனுக்குப் பாதிப் பணம் திரும்பி வந்தது. பைக் இன்னும் வரவில்லை, அதே டவுன் பஸ்தான். ஆனால் மாடு தொழுவத்தில்தான் இருக்கிறது. வாட்ச்மேன் வேலைப் பேச்சை அப்பா அப்புறம் எடுக்கவில்லை.

எங்கள் மாடியில் இருபது பையில் பதினேழு கோஸ். ஒன்றை அணில் எடுத்துக்கொண்டது. முதல் கோஸை ஓனரம்மாவிடம் கொடுத்தபோது கையில் தூக்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். ‘நறுக்குனு சத்தம் வருது’ என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பை இருக்கலாம் என்று அர்த்தம்.

நீங்களும் செய்யலாம். ரூம் வாசலில் நாலு மணி நேரம் வெயில் விழுகிற இடம் இருந்தால் போதும். சமவெளியில் ஆவணியில் விதை, புரட்டாசியில் பழக்கம், பழகியதும் நடவு. ஆபீஸ் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான பயிர் கிடையாது. முதல் நாலு நாள் காலையில் ஷேவிங் செய்கிற நேரத்துக்குள் டிரெயினிங் முடிந்துவிடும்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் கீழ் வீட்டில். ஓனரம்மாவின் பேரன் மறு வருஷம் பெங்களூரில் காலேஜில் சேர இருந்தான். அதுவரை தண்ணீர் டம்ளரைக்கூட அவன் எடுத்ததில்லை. கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது சமையலறையிலிருந்து பாட்டியின் குரல் மாடி வரை கேட்டது.

‘இன்னிக்கு உன் தட்டை மட்டும் கழுவினாப் போதும் கண்ணு. நாளைக்கு டம்ளரும் சேர்த்து. நாளன்னிக்கு உன் துணி...’

பையன் அழமாட்டாத குறையாக, ‘இதெல்லாம் எதுக்கு பாட்டி?’ என்றான்.

‘அதெல்லாம் உனக்குப் புரியாது. ஏழாம் நாள் குக்கர்!’